எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள், டாக்டர்?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

(சிறுநீரகம், சிறுநீர்ப்பை, அதன் அடியில் ஆண்களுக்கு இருக்கும் புராஸ்டேட் சுரப்பி, விரை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மதுரை மருத்துவர் ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெயரில்லாத கடிதங்கள். நோயின் இடம் அப்படி. ஆகவே எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறோம்.)

என் அப்பாவுக்கு வயது 63. புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று பயாப்சியில் வந்துவிட்டது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். மருத்துவர் மிகவும் இளைஞராக இருக்கிறார். "இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று அவரிடமே கேட்பது மரியாதைக் குறைவாகுமா? – ஈரோடு

கேளுங்கள். சந்தையில் மாடு பிடிக்கப் போனால் வாயைத் திறந்து பல்லை எண்ணிப் பார்க்கிற ஊர்க்காரர் நீங்கள். அப்பாவின் உடம்பை ஒப்படைக்கும்போது மட்டும் ஏன் வாய் அடைத்துப்போக வேண்டும்?

உங்கள் சந்தேகம் நியாயமானது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அமெரிக்காவின் நான்கு மருத்துவமனைகளில் 72 அறுவை நிபுணர்கள் 7,765 பேருக்குச் செய்த புராஸ்டேட் அகற்றும் அறுவையை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியானது. அதற்கு முன் பத்து ஆபரேஷன் மட்டுமே செய்திருந்தவரிடம் போனவர்களுக்கு, ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 17.9 சதவீதம். 250 செய்து முடித்தவரிடம் போனவர்களுக்கு 10.7 சதவீதம். ஒருவர் கை தேறுவதற்கு ஏறத்தாழ 250 பேர் தேவைப்படுகிறார்கள் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. முதல் ஐம்பதில் உங்கள் அப்பா இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது? இடம் அப்படிப்பட்டது. இடுப்பெலும்புக்குப் பின்னால் அடி ஆழத்தில் புராஸ்டேட் இருக்கிறது. அதன் முன்புறம் ரத்தநாளக் கொத்து, தொட்டால் பொங்கும். பின்புறம் மலக்குடல். கீழே சிறுநீரை அடக்கிவைக்கும் தசை. இரு பக்கமும், சிலந்தி நூல் கனத்தில், ஆண்மைக்கான நரம்புகள். கத்தி கொஞ்சம் உள்ளே வாங்கினால் புற்று மிஞ்சிவிடும். கொஞ்சம் வெளியே போனால் நரம்பு போய்விடும்.

அந்த நரம்புகள் எங்கே ஓடுகின்றன என்பதே 1981 வரை சரியாகத் தெரியாது என்றால் நம்புவீர்களா? சுரப்பிக்கு உள்ளேயே ஓடுவதாகத்தான் பலரும் நினைத்திருந்தார்கள். ஆகவே ஆபரேஷன் செய்துகொண்ட அநேகமாக எல்லோருக்கும் ஆண்மை போயிற்று. அதுதான் விதி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ் ஒரு கூட்டத்துக்காக நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனவர், அங்கே ஓய்வு பெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கரைச் சந்தித்தார். வேலையை விட்ட பிறகும் டோங்கர் சும்மா இருக்கவில்லை. இறந்து பிறந்த ஆண் சிசுவின் உடலில் சிறுநீர்ப்பை நரம்புகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்களின் சடலத்தில் கொழுப்பும் நாரும் மூடி மறைப்பதைச் சிசுவின் உடலில் பார்க்க முடியும். இரண்டு பேரும் சேர்ந்து அறுத்துப் பார்த்தார்கள். நரம்புகள் சுரப்பியின் உறைக்கு வெளியே ஓடின. 1982 ஏப்ரல் 26 அன்று வால்ஷ் அந்த நரம்புகளை வேண்டுமென்றே விலக்கிவைத்து முதல் ஆபரேஷனைச் செய்தார். நாங்கள் இன்று செய்வதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

உங்கள் இளம் மருத்துவர் பக்கம் நின்றும் ஒரு வார்த்தை சொல்கிறேன். இப்போதெல்லாம் யாரும் முதல் நாளே முழு ஆபரேஷனைத் தனியாகச் செய்வதில்லை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எளிதான கட்டத்தை முதலில் கொடுப்பார்கள். சிறுநீர்ப்பையைக் கீழே இறக்குவது முதல் பாடம். நரம்பை உரித்து விலக்குவது கடைசிப் பாடம். சிறுநீர்ப்பையையும் கீழே உள்ள குழாயையும் சேர்த்துத் தைப்பதைக் கோழித் தோலைக் குழாயாகச் சுருட்டி வைத்துப் பயிலுவார்கள். என்னிடம் பயிலும் மாணவர்களின் மேசை வாரக் கடைசியில் இறைச்சிக் கடைபோல வாடை அடிக்கும். இப்படி வளர்ந்த ஒருவர், பக்கத்தில் மூத்தவர் நிற்க, ஐம்பதாவது ஆபரேஷன் செய்வதும் ஒன்றுதான். மாதத்துக்கு ஒன்று என்று கை துருப்பிடித்துப்போன ஒரு பெரிய பெயரிடம் போவதும் ஒன்றுதான். சில சமயம் முன்னதே மேல்.

ஆகவே எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். முக்கியமான கட்டத்தைச் செய்யப்போவது யார், மூத்தவர் அறைக்குள் இருப்பாரா, உங்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஒரு வருடம் கழித்துச் சிறுநீர்க் கசிவுக்குத் துணி வைக்காமல் நடமாடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நல்லவர் கோபப்பட மாட்டார், குறிப்பேட்டைத் திறப்பார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ரோபோ ஆபரேஷன் என்றால் மருத்துவர் இல்லாமல் இயந்திரமே செய்துவிடுமா? அதுதான் சிறந்தது என்று சொல்லி இரண்டு மடங்கு பணம் கேட்கிறார்கள். – காரைக்குடி

இயந்திரத்துக்குச் சொந்த புத்தி கிடையாது. நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். என் விரல் அசைந்தால் உள்ளே கருவி அசையும். முகத்தை வெளியே எடுத்த மறு நொடி இயந்திரத்தின் கைகள் அப்படியே நின்றுவிடும்.

பத்து மடங்கு பெரிதாகவும் ஆழத்தோடும் எல்லாம் தெரியும். கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். இவை பெரிய வசதிகள். ஆனால் பழக்கத்திலுள்ள பெரும்பாலான இயந்திரங்களில் தொட்டுணர்வு கிடையாது. நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்று விரல் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும். நூலுக்கு அடியில் திசு லேசாக வெளுக்கிறதா, முடிச்சுப் பக்கம் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து இழுக்க வேண்டும். புதிதாக உட்காருகிறவர்கள் பட்டுப் பட்டென்று நூலை அறுப்பார்கள். கொஞ்ச நாளில் கண்ணாலேயே தொடப் பழகிவிடுவார்கள்.

சிறந்ததா என்று கேட்டால், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரோபோ, இன்னொன்றுக்கு வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறை என்று ஒப்பிட்டார்கள். 2016-இலும் 2018-இலும் முடிவுகள் வெளியாயின. ரோபோவில் ரத்த இழப்பு குறைவு. சிறுநீரை அடக்குவதிலும் ஆண்மையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நானும் ரோபோவில்தான் பெரும்பாலும் செய்கிறேன். என் முதுகுக்கும் நல்லது, நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கிறார். ஆனால் வீட்டை அடமானம் வைத்து ரோபோவைத் தேடிப் போகாதீர்கள். இயந்திரத்தைவிட அதன் முன்னால் உட்காருகிறவர் முக்கியம்.

இதில் நமக்கு அக்கம்பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. புராஸ்டேட்டுக்கான ரோபோ அறுவையைப் பெரிய அளவில் நிலைநாட்டிக் காட்டிய மணி மேனன், புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர். டெட்ராய்ட் நகரில், வயிற்றைத் திறந்து செய்யும் முறையில் நல்ல பேர் எடுத்த பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில், பாரிஸிலிருந்து லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியாகக் கருவி விட்டுச் செய்யும் அறுவை) நிபுணர்களை வரவழைத்து அவர்களிடம் கற்றுக்கொள்ள நின்றார். துறைத் தலைவர் ஒருவர் தன் உதவியாளர்கள் கண் எதிரிலேயே மறுபடி மாணவராவது லேசான காரியமில்லை. எனக்கு அவருடைய புள்ளிவிவரங்களைவிட இதுதான் மனத்தில் நிற்கிறது.

நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு மாணவி. உங்கள் துறைக்கு வர ஆசை. எத்தனை வருடம் ஆகும்? "ஆம்பிளைகள் வியாதிக்குப் பெண் டாக்டரா" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். – தென்காசி

மகளே, கணக்கு எளிது. எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. பொது அறுவையில் எம்.எஸ். மூன்று ஆண்டு. சிறுநீரகவியல் அறுவையில் எம்.சிஎச். மூன்று ஆண்டு. அதற்குப் பிறகு புற்றுநோய்க்கென்று தனியாக ஒன்றிரண்டு ஆண்டுப் பயிற்சி. நடுவில் இரண்டு நுழைவுத் தேர்வுகள். அரசு இடத்தில் படித்தால் பணி ஒப்பந்தமும் சேரும். நீ தனியாகக் கத்தி பிடிக்கும்போது உன் பள்ளித் தோழிகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். புற்றுநோய் அறுவையில் எம்.சிஎச். முடித்துவிட்டு இந்தப் பக்கம் வருவதும் உண்டு. அந்தப் படிப்பை 1984-இல் நாட்டிலேயே முதலில் தொடங்கியது நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

வீட்டில் சிரிக்கிறவர்களிடம் இரண்டு செய்தி சொல். சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் பெண்களுக்கும் இருக்கின்றன. சிறுநீரில் ரத்தம் போவதை ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசி, மாதக் கணக்கில் மறைத்து, முற்றிய பிறகு வரும் பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். உன்னைப்போல ஒருத்தி அந்த நாற்காலியில் இருந்தால் அவர்கள் முன்பே வந்திருப்பார்கள். இரண்டாவது, அடையாறு மருத்துவமனையை 1954-இல் தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. அதைப் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்தவர் வி. சாந்தா. சிரிப்பதற்கு முன் அந்த இரண்டு பெயர்களையும் அவர்கள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும்.

ஆண் நோயாளிகள் தயங்குவார்களா என்றால், முதல் ஐந்து நிமிடம் தயங்குவார்கள். பிறகு வலி பேச ஆரம்பித்துவிடும்.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. குழாய் வழியாகச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் "மறுபடி ஒருமுறை சுரண்ட வேண்டும்" என்கிறார்கள். முதல் தடவை சரியாகச் செய்யவில்லையா? பணத்துக்காகவா? பிறகு காசநோய் ஊசி மருந்தை உள்ளே விட வேண்டும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். – தூத்துக்குடி

சந்தேகப்படாதீர்கள் அம்மா. ஒரு வகைக் கட்டிக்கு, அதாவது வேர் உள்தோலைத் தாண்டி இறங்கி, ஆனால் தசையைத் தொடாமல் நிற்கும் கட்டிக்கு, இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி உள்ளே போய்ப் பார்ப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். நல்ல கை செய்திருந்தாலும், மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை இரண்டாவது தடவையில் மிச்சம் அகப்படுகிறது.

ஏன் மிஞ்சுகிறது என்று சொல்கிறேன். இந்த ஆபரேஷனைச் சின்னதென்று நினைத்து அனுபவமில்லாத கையில் கொடுத்துவிடுகிற பழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிறுநீர்ப்பையின் சுவர் சில மில்லிமீட்டர்தான். மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அதைச் சீவ வேண்டும். பக்கச் சுவருக்கு வெளியே, மிக நெருக்கமாக, தொடையை உள்பக்கம் இழுக்கும் நரம்பு ஓடுகிறது. மின்சாரம் அதைத் தீண்டினால் நோயாளியின் கால் சட்டென்று வெட்டி இழுக்கும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கும்போதும் இழுக்கும். ஏனென்றால் ஊசி மரக்கவைப்பது முதுகெலும்புக்குப் பக்கத்திலுள்ள வேரை, மின்சாரம் தீண்டுவது அதற்குக் கீழே உள்ள கிளையை. அந்த ஒரு நொடியில் கம்பி பையைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விடலாம். இதற்குப் பயந்து பலர் மேலாகச் சீவிவிட்டு வந்துவிடுகிறார்கள். மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லி அந்த நரம்புக்குத் தனி ஊசி போடச் செய்து, பையை முழுக்க நிரப்பாமல், விட்டு விட்டுச் சீவினால் அடிவரை போகலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: சீவி எடுத்த துண்டுகளில் தசை இருந்ததா? பேத்தாலஜி அறிக்கையில், அதாவது திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் அறிக்கையில், அது எழுதியிருக்கும். தசையே வரவில்லை என்றால், தசைக்குள் நோய் இறங்கியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இனிக் காசநோய் மருந்து. குழந்தைகளுக்குத் தோளில் போடுகிறோமே, அதே பி.சி.ஜி. கிருமிதான், அளவு அதிகம். சிறுநீர்ப்பைக்குள் விட்டு இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்தால், உடம்பின் காவல் அணுக்கள் அங்கே திரண்டு வந்து புற்றணுக்களையும் சேர்த்து அடிக்கின்றன. கனடாவின் அல்வாரோ மொராலஸ் 1976-இல் ஒன்பது நோயாளிகளை வைத்து இதை எழுதினார். வாரம் ஒன்று, ஆறு வாரம் என்று இன்றைக்கும் கொடுக்கிறோம். அந்த ஆறு எங்கிருந்து வந்தது தெரியுமா? அவருக்குக் கிடைத்த மருந்துப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன. ஐம்பது ஆண்டுகளாக உலகம் அந்தப் பெட்டிக் கணக்கைப் பின்பற்றிக்கொண்டிருக்கிறது.

எரிச்சல் இருக்கும், சில நாள் காய்ச்சல் வரலாம். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் தங்கினால் உடனே போக வேண்டும். பீடியோ சிகரெட்டோ இருந்தால் அதை நிறுத்தாமல் இந்த மருந்தை மட்டும் விடுவது வீண் செலவு. புகையிலையின் நஞ்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வடிந்து, பையில்தான் மணிக்கணக்கில் தேங்குகிறது.

மருத்துவர்கள் எப்போது பார்த்தாலும் மாநாடு, கருத்தரங்கு என்று வெளியூர் போய்விடுகிறார்கள். உண்மையிலேயே ஏதாவது படிக்கிறீர்களா, இல்லை உல்லாசப் பயணமா? – சேலம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

வாத்தியார் கேள்வி. நழுவ முடியாது.

2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள், ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு ஆறு மணி. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும், மதிய உணவு உட்பட. கையெழுத்துப் போட்டுப் பையை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மருந்துக் கம்பெனி செலவில் பயணம் போகக் கூடாது என்று 2009-இல் விதி வந்த பிறகு கூட்டம் கொஞ்சம் மெலிந்தது. மெலிந்த கூட்டத்தில் கேள்விகள் தரமாக இருக்கின்றன என்பது என் அனுபவம்.

நான் உண்மையில் படிக்கிற இடம் எங்கள் மருத்துவமனையின் பேத்தாலஜி அறை. நாங்கள் வெட்டி எடுத்துக் கொடுக்கும் உறுப்பின் வெளிப்புறம் முழுக்க அவர்கள் மை பூசுவார்கள்; வலப்பக்கம் ஒரு நிறம், இடப்பக்கம் ஒரு நிறம். பிறகு சீவல் சீவலாக அறுத்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவார்கள். நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றணுக்கும் மைக்கும் நடுவில் மயிரிழை நல்ல திசு தெரிந்தால் நான் பிழைத்தேன். மையைப் புற்றணு தொட்டுக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் உடம்புக்குள் நோய் மிஞ்சியிருக்கலாம் என்று பொருள். எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் என்று மையின் நிறமே காட்டிவிடும். ஆபரேஷனின் காணொளியை மறுபடி ஓடவிட்டு அந்தப் பக்கத்தில் என் கை என்ன செய்தது என்று பார்ப்பேன். எந்த மாநாட்டிலும் எனக்கு இந்தப் பாடம் கிடைத்ததில்லை.

அதற்காக ஏட்டுப் படிப்பு வேண்டாம் என்று ஆகாது. சிறுநீரகப் புற்று உடம்பெங்கும் பரவியிருந்தாலும் முதலில் சிறுநீரகத்தை எடுத்துவிட வேண்டும் என்றுதான் எங்கள் தலைமுறை கற்றது. 2018-இல் பிரான்ஸ் நாட்டவர் தலைமையில் 450 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. சிறுநீரகத்தை எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்தவர்களின் நடு ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம்) 13.9 மாதம், எடுக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கு 18.4 மாதம். எல்லோருக்கும் இது பொருந்தாது. நோய் ஓரிரு இடத்தில் மட்டும் பரவிய, தெம்பான ஆட்களுக்கு இப்போதும் எடுக்கிறோம். ஆனால் படுத்த படுக்கையாக வருகிறவரைத் தூக்கித் தியேட்டருக்குள் கொண்டுபோகும் வழக்கம் நின்றது. அறுவை நிபுணர்கள் நிறைந்த அரங்கில் "அறுக்காதே" என்று ஒருவர் படம் போட்டுச் சொல்வதைக் கேட்பது சுகமான அனுபவம் அல்ல. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்.

இன்னொன்று நம் இட்லிக்கு ஏற்றது. முற்றிய புராஸ்டேட் புற்றுக்கு அபிராட்டிரோன் என்று ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பு அதிகமாக உறிஞ்சிவிடும் என்பதால்தான் வெறும் வயிறு. அப்படியானால் உணவோடு குறைத்துக் கொடுத்தால் என்ன என்று சிகாகோ பல்கலைக்கழகத்தினர் யோசித்தார்கள். கொழுப்புக் குறைந்த காலை உணவோடு 250 மில்லிகிராம் கொடுத்து 72 பேரிடம் சோதித்து 2018-இல் எழுதினார்கள். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரந்து ரத்தத்தில் கலக்கும் புரதம்) அளவு இரு தரப்பிலும் ஒரே மாதிரி இறங்கியது. செலவு கால்பங்கு. ஆய்வு சிறியது, முழு அளவு வாங்க வசதியுள்ளவர்களுக்கு நான் மாற்றுவதில்லை. வாங்க முடியாமல் மருந்தையே நிறுத்தப்போகிறவருக்கு இரண்டு இட்லியோடு ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே அளவை மாற்றிக்கொள்ளக் கூடாது. உணவோடு முழு அளவையும் விழுங்கினால் ஆபத்து.

எனக்கு வயது 66. புராஸ்டேட்டில் ஆரம்ப நிலைப் புற்று, கிளீசன் 6 என்று அறிக்கை. "இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், கண்காணிக்கலாம்" என்கிறார் மருத்துவர். புற்றுநோயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று என் மகன்கள் அவரிடம் சண்டைக்குப் போய்விட்டார்கள். – கும்பகோணம்

மகன்களிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். கிளீசன் என்பது புற்றணுக்களின் மூர்க்கத்தைக் காட்டும் மதிப்பெண்; 6 என்றால் சாதுவான வகை.

பிரிட்டனில் 50 முதல் 69 வயது வரையுள்ள 1,643 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு ஆபரேஷன், ஒரு பங்குக்குக் கதிர்வீச்சு, ஒரு பங்குக்குக் கண்காணிப்பு. பதினைந்து ஆண்டு கழித்து 2023-இல் கணக்குப் பார்த்தபோது, மூன்று பிரிவுகளையும் சேர்த்துப் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர், அதாவது நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. பிரிவுக்குப் பிரிவு பெரிய வித்தியாசம் இல்லை. மறைக்காமல் மறுபக்கமும் சொல்ல வேண்டும்: கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது 9.4 சதவீதம், மற்றவர்களுக்கு ஏறத்தாழ அதில் பாதி. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பத்துக்கு ஆறு பேர் பிறகு எப்போதோ சிகிச்சைக்கு வந்தார்கள். அந்த ஆய்வில் நடுத்தர அபாயமுள்ளவர்களும் இருந்தார்கள். உங்களுடையது அதைவிடச் சாதுவான வகை.

ஆகவே இது சும்மா இருப்பதல்ல. பி.எஸ்.ஏ. பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி பயாப்சி என்று நாள் குறித்துக்கொண்டு வர வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிற ஆளா நீங்கள்? அப்படியானால் உங்கள் மகன்கள் சொல்வதே சரி. ஆபரேஷன் செய்தால் எனக்கு வருமானம், செய்யாவிட்டால் வெறும் ஆலோசனைக் கட்டணம். அதையும் மீறி ஒரு மருத்துவர் "வேண்டாம்" என்றால் அவரிடம் சண்டை பிடிப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

என் கணவருக்கு வயது 68. புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவிவிட்டது. ஊசி தொடர்ந்து வாங்க வசதியில்லை. விரைகளை எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். இவரோ "அதற்குச் செத்தே போகலாம்" என்கிறார். – சிவகங்கை

அம்மா, அவர் அப்படிச் சொல்லாவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன். புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. ஹார்மோனை நிறுத்தினால் அது சுருங்குகிறது. சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் இதை நிரூபித்தார். 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் காட்டிய வழிகளில் ஒன்று விரைகளை எடுப்பதுதான். ஊசியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒருமுறை ஆபரேஷன் செய்தால் ஊசிச் செலவு ஆயுளுக்கும் இல்லை.

அவரிடம் சொல்ல வேண்டிய சில விஷயங்கள். ஆசை குறைவது, உடம்பு திடீரென்று சுடுவது, எலும்பு மெலிவது எல்லாம் ஊசியிலும் உண்டு. குரல் மாறாது. மீசை போய்விடாது. உறையை விட்டுவிட்டு உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறை இருக்கிறது. விதைப்பை வெறுமையாகத் தெரியாது, வேட்டி மாற்றும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. இதைக் கேட்ட பிறகு சம்மதித்தவர்கள் என்னிடம் நிறையப் பேர்.

எங்கள் பாடத்திட்டத்தில் விரையை எடுக்கும் முறைக்கு இடம் உண்டு. அதை ஒரு சம்சாரியிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு இடமே இல்லை. நான் என் பேராசிரியரைப் பார்த்துக் கற்றேன். அவர் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை நோயாளிப் பக்கம் இழுத்துப் போட்டு, முதலில் அவருடைய நிலத்தைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். நோயைப் பற்றிய பேச்சு பத்து நிமிடம் கழித்துத்தான் வரும். உங்கள் கணவரைக் கூட்டமில்லாத நேரத்தில் தனியாக மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் மகனும் வெளியே இருங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், என்னென்ன அடங்கும் என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். நடக்க முடிகிறவரை தினமும் நடக்கட்டும். எலும்புக்கு அது மருந்து. காலில் திடீரென்று பலம் குறைந்தாலோ சிறுநீர் கட்டிக்கொண்டாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

நீங்கள் பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்துகொண்டீர்களா? – நாமக்கல்

செய்துகொண்டேன். நன்மை தீமை இரண்டையும் தெரிந்துகொண்டு செய்தேன். ஐம்பதைத் தாண்டியவர்கள், நெருங்கிய ரத்த உறவில் இந்த நோய் உள்ளவர்கள் என்றால் நாற்பத்தைந்திலேயே, மருத்துவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். முழு உடல் பரிசோதனைத் தள்ளுபடியில் பத்தோடு பதினொன்றாக எடுத்து, எண்ணைப் பார்த்து மிரண்டு ஓடி வராதீர்கள்.

போன மாதம் ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. மறுநாள் தானாக நின்றுவிட்டது. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தேன். வயது 57, பதினைந்து வயதிலிருந்து பீடி. இனிமேல் வந்தால் காட்டிக்கொள்ளலாமா? – நாகப்பட்டினம்

இனிமேல் வரும்வரை காத்திருக்காதீர்கள். வலியோடு வருவது பெரும்பாலும் கல், இல்லையென்றால் கிருமித்தொற்று. வலியே இல்லாமல் வந்து, தானாக நின்று, ஆளை நிம்மதியாகத் தூங்கவைக்கிற ரத்தம்தான் எனக்குப் பயம். பீட்ரூட் சாப்பிட்டீர்களா, சிவப்பு நிறக் காசநோய் மாத்திரை எடுக்கிறீர்களா என்று முதலில் யோசியுங்கள். இரண்டும் இல்லையென்றால் இந்த வாரமே சிறுநீரக அறுவை நிபுணரைப் பாருங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், குழாய்க் கேமரா வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் ஒரு பார்வை. இந்த மூன்றும் முடியும் முன் "ஒன்றுமில்லை, சூடுதான்" என்று யார் சொன்னாலும், அவர் வெள்ளைக் கோட்டே போட்டிருந்தாலும், நம்ப வேண்டாம்.